மேப்பிள்டர்ஹாம் நீராலை

இங்கிலாந்தில், தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள மேப்பிள்டர்ஹாம் கிராமத்து மாவாலை 1086-இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேட்டிலேயே இடம்பிடித்துவிட்டது. இன்று நிற்கும் கட்டடத்தின் பழைய பகுதி 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. என்னைக் கட்டிப்போடுவது உள்ளே இருக்கும் அரவைக் கற்கள்தான். கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுழலும். ஒன்றோடொன்று உரசினால் மாவு கருகும். சற்றே அதிகமாக விலகினால் கோதுமை வெறும் நொய்யாகத்தான் விழும். கொட்டுகிற மாவை விரலிடையே தேய்த்துப் பார்த்தே ஆலைக்காரர் இடைவெளியைச் சரிசெய்வார். எத்தனை அருமையான கைப்பக்குவம்! இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஓய்ந்த நீர்ச்சக்கரம், சீரமைப்புக்குப் பின் 1980-இல் மறுபடி சுழன்றது. (1970-இல் வந்த பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டு அட்டையில் தெரிவதும் இதே ஆலைதான்.) பின்னாளில் இங்கே ஆற்றுநீரில் மின்சாரமும் எடுக்கத் தொடங்கினார்கள்.