பழைய எண், புதிய எண்: லினக்ஸ் நெட்வொர்க் பெயர்கள் பற்றி ஒரு விமர்சனம்

தூரத்தில் இருக்கும் லினக்ஸ் சர்வரை அப்கிரேட் செய்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. பேக்கேஜ்கள் எல்லாம் ஒழுங்காக இறங்கி, ஒரு எரர்கூட இல்லாமல் முடிந்திருக்கும். ரீபூட் கொடுத்துவிட்டு, பிங் ஓடவிட்டுக் காத்திருப்போம். இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பதில் வராது. சர்வர் செத்துவிட்டதா என்றால் இல்லை. டிஸ்க் சரி, டேட்டாபேஸ் சரி, எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வெளியே வரும் வழி மட்டும் இருக்காது.

இந்த நிலைமைக்குக் காரணங்கள் பல. நெட்வொர்க் கார்டுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் இல்லாமல் போகலாம். ஃபயர்வால் விதிகள் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாறும்போது பிசகலாம். ஆனால் திரும்பத் திரும்ப வரும் காரணம் ஒன்று உண்டு: கார்டின் பெயர் மாறிவிடுவது. நேற்று வரை ஈத்0 என்று இருந்தது இன்று ஈஎன்பி3எஸ்0 ஆகிவிடும். கான்ஃபிக் ஃபைலில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கும். இல்லாத ஒரு கார்டுக்கு ஐபி முகவரி கொடுக்கப் பார்த்து, முடியாமல், சர்வர் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இதைச் சரிசெய்வது எப்படி என்று சொல்லும் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. கடைசியில் நானும் கொஞ்சம் சொல்கிறேன். ஆனால் இங்கே முக்கியமாகக் கேட்க நினைப்பது வேறு. 2013-இல் வந்த ஒரு வடிவமைப்பு இத்தனை வருடம் கழித்தும் ஏன் ஆட்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறது? தப்பு பெயரில் இருக்கிறதா, அப்கிரேட் செய்யும் கருவியில் இருக்கிறதா?

பெயர் வந்த கதை

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பழைய ஈத்0, ஈத்1 முறை ஒன்றும் பொற்காலம் இல்லை. கெர்னல் எந்தக் கார்டை முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்கு 0, அடுத்ததற்கு 1. ஒரே கார்டு உள்ள மெஷினில் பிரச்சினை இல்லை. இரண்டு கார்டு உள்ள ஃபயர்வால் மெஷினை நினைத்துப் பாருங்கள். ஒன்று வெளி உலகத்துக்கு, மற்றது ஆபீஸுக்குள். ஒரு ரீபூட்டில் வரிசை மாறினால் வெளியாளுக்கு உள்பக்கக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

இதற்கு யூடெவ் ஒரு வைத்தியம் வைத்திருந்தது. ஒவ்வொரு கார்டின் மேக் முகவரியையும் அதற்குரிய பெயரையும் 70-பெர்சிஸ்டென்ட்-நெட்.ரூல்ஸ் என்ற ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். அதிலும் தொல்லை இருந்தது. ஒரு விர்ச்சுவல் மெஷினைக் காப்பி எடுத்தால், புதியதன் மேக் முகவரி வேறு; ஃபைலில் இருப்பதோ பழையது. உடனே அதன் கார்டு ஈத்1 ஆகிவிடும். சென்ட்ஓஎஸ் 6 காலத்தில் விர்ச்சுவல் மெஷின்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும்.

2011-இல் ஃபெடோரா 15, டெல் நிறுவனம் உருவாக்கிய பயாஸ்டெவ்நேம் முறையைக் கொண்டுவந்தது. 2013 ஜனவரியில் சிஸ்டம்டி 197 தன் சொந்த முறையோடு வந்தது. 'முன்கூட்டியே கணிக்கக்கூடிய பெயர்கள்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கார்டு எங்கே சொருகப்பட்டிருக்கிறதோ அந்த இடமே பெயர். போர்டிலேயே இருக்கும் கார்டு என்றால் ஈஎன்ஓ1. ஃபர்ம்வேர் ஸ்லாட் எண்ணைச் சொன்னால் ஈஎன்எஸ்1. அதுவும் இல்லையென்றால் பிசிஐ பாதை: மூன்றாவது பஸ், பூஜ்யமாவது ஸ்லாட் என்றால் ஈஎன்பி3எஸ்0. கார்டு கெட்டுப்போய் அதே இடத்தில் வேறொன்றைச் சொருகினாலும் பெயர் மாறாது. யோசனை நல்ல யோசனைதான்.

யாரால் கணிக்க முடியும்?

சிக்கல் 'முன்கூட்டியே கணிக்கக்கூடிய' என்ற அந்த அடைமொழியில் இருக்கிறது. வீட்டுக்கு எண் போடுவது மாதிரிதான் இது. வீடு நகரவில்லை, ஆளும் மாறவில்லை. ஆனால் எண் போடுகிறவர் தெருவை எந்த முனையிலிருந்து எண்ணுகிறார் என்பது மாறினால் எண் மாறிவிடும். சென்னையில் வாசலுக்கு வாசல் 'பழைய எண், புதிய எண்' என்று எழுதியிருப்பது இதனால்தானே.

லினக்ஸில் எண்ணும் முறை இரண்டு வழியில் மாறுகிறது. ஒன்று ஹார்டுவேர் பக்கம். பிசிஐ பஸ் எண் என்பது போர்டில் அச்சடித்த எண் இல்லை. பூட் ஆகும்போது எண்ணிப் போடப்படுவது. நடுவில் ஒரு என்விஎம்இ டிஸ்க்கையோ கிராஃபிக்ஸ் கார்டையோ புதிதாகச் சொருகினால், 3 என்பது 4 ஆகலாம். நெட்வொர்க் கார்டை யாரும் தொடவே இல்லை, ஆனால் பெயர் மாறிவிட்டது.

இரண்டாவது, சாஃப்ட்வேர் பக்கம். எண்ணும் வேலையைச் செய்யும் யூடெவ்வின் விதிகளே பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்படுகின்றன. இதற்கென்று சிஸ்டம்டியில் ஒரு மேனுவல் பக்கமே இருக்கிறது. 238-ஆம் பதிப்பில் தொடங்கி, எந்தப் பதிப்பில் எந்த விதி மாறியது என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். பத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நியாயம் உண்டு. ஏதோ ஒரு வகை ஹார்டுவேரில் தப்பாக வந்த பெயரைச் சரிசெய்திருப்பார்கள். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் அந்தப் பக்கம் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். பெயரை முன்கூட்டியே கணிக்கலாம்தான், ஆனால் யூடெவ்வின் பதிப்பு மாறாத வரைக்கும்.

அப்கிரேட் என்றாலே பதிப்பு மாறுவதுதான். ஆக, எந்த நேரத்தில் பெயர் நிலையாக இருக்க வேண்டுமோ அந்த நேரத்தில்தான் அது ஆட்டம் காண்கிறது.

சிஸ்டம்டிகாரர்கள் இதை உணராமல் இல்லை. 240-ஆம் பதிப்பில், 'நான் இன்ன பதிப்பின் விதிப்படிதான் பெயர் வைப்பேன்' என்று கெர்னல் பாராமீட்டர் மூலம் பூட்டிவைக்கும் வசதியைக் கொடுத்தார்கள். ரெட் ஹேட் 8 அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. 8.0-வின் விதியே இயல்பு, 8.4, 8.6 என்று ஏறினாலும் பெயர் வைக்கும் விதி தானாக மாறாது. கெர்னல் 5.5-இலிருந்து ஒரே கார்டுக்கு மாற்றுப் பெயர்களும் வைக்கலாம். பழைய எண், புதிய எண் இரண்டையும் வாசலில் எழுதுகிற வசதி! ஆனால் அந்தப் பட்டியலில் நமக்குத் தெரிந்த பழைய பெயர் இருக்கும் என்று உறுதி இல்லை. புதிய விதி எந்தெந்தப் பெயர்களை உண்டாக்குகிறதோ அவைதான் இருக்கும்.

ரிலீஸ் நோட்ஸில் இருக்கிறதே!

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பதில் வரும்: 'ரிலீஸ் நோட்ஸ் படிக்கவில்லையா?'

படித்தால் இருக்கிறதுதான். 2019-இல் வந்த டெபியன் 10-இன் ரிலீஸ் நோட்ஸ், அந்தப் பழைய 70-பெர்சிஸ்டென்ட் ஃபைலுக்கு இனி அதிகாரபூர்வ ஆதரவு இல்லை, சில இடங்களில் இன்னும் வேலை செய்யலாம் என்று சொல்கிறது. 2025-இல் வந்த டெபியன் 13-இன் ரிலீஸ் நோட்ஸும் பெயர்கள் மாறக்கூடும், ரீபூட் ஆனதும் தொடர்பு அறுந்துபோகலாம் என்று எச்சரிக்கிறது. தூரத்திலிருந்து அப்கிரேட் செய்பவர்கள் சீரியல் கன்சோல் மாதிரி வேறொரு வழியை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறார்கள். தொழில்நுட்ப எழுத்தாக அவை நல்ல ஆவணங்கள். மழுப்பல் இல்லை, நேர்மை இருக்கிறது.

என் குறை எழுத்தின் மேல் இல்லை, அது இருக்கும் இடத்தின் மேல். 'வேலை செய்யலாம்', 'மாறக்கூடும்' என்று லட்சக்கணக்கான மெஷின்களுக்குப் பொதுவாகத்தான் ஒரு ஆவணத்தால் பேச முடியும். உங்கள் மெஷினில் மாறுமா, மாறாதா என்று அதற்குத் தெரியாது. தெரிந்தது யாருக்கு? அந்த மெஷினுக்குத்தான். புதிய யூடெவ் நிறுவப்பட்டு, ரீபூட் செய்வதற்கு முன்பாகவே, யூடெவ்ஏடிஎம் கருவியின் டெஸ்ட்-பில்டின் கட்டளையில் நெட்_செட்அப்_லிங்க்கையும் கார்டின் இடத்தையும் கொடுத்தால், அடுத்த முறை என்ன பெயர் வரும் என்று சொல்லிவிடுகிறது. கெர்னல் டிரைவர் மாறுவதால் வரும் மாற்றம் இதில் பிடிபடாது என்பது உண்மை. ஆனால் விதி மாறுவதால் வரும் மாற்றம் பிடிபடும்.

இப்போது அப்கிரேட் கருவி எதற்கெல்லாம் நம்மை நிறுத்திக் கேட்கிறது என்று பாருங்கள். ஏதோ ஒரு கான்ஃபிக் ஃபைலில் நாம் ஒரு கமென்ட் வரியை மாற்றியிருந்தால் போதும். டிபேக்கேஜ் நின்று, 'உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, எங்களுடையதைப் போடவா, வித்தியாசத்தைக் காட்டவா' என்று பொறுமையாகக் கேட்கும். ஒரு கமென்ட் வரிக்கு இத்தனை மரியாதை. ஆனால் 'இந்த மெஷினில் இருக்கும் ஒரே கார்டின் பெயர் அடுத்த ரீபூட்டில் மாறப்போகிறது, அந்தப் பெயருக்குக் கான்ஃபிக் எதுவும் இல்லை, நீங்களோ எஸ்எஸ்ஹெச் வழியாக வந்திருக்கிறீர்கள்' என்ற சேதிக்கு ஒரு வரிகூடக் கிடையாது. மூன்று தகவலும் அந்த மெஷினுக்குள்ளேயே இருக்கின்றன. சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

முடியாத காரியமா என்றால் அதுவும் இல்லை. ரெட் ஹேட் 7-லிருந்து 8-க்குப் போகும் லீப் என்ற கருவி, ஒன்றுக்கு மேற்பட்ட கார்டுகள் ஈத்0, ஈத்1 என்று இருந்தால் அப்கிரேடையே தொடங்காது. முதலில் இதைச் சரிசெய்துவிட்டு வா என்று சொல்லிவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கதவுக்கு உள்ளே நிற்கும்போது வரும் எரிச்சல் அது.

உபுண்டுவை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்ஹெச் வழியாக அப்கிரேட் தொடங்கினால், நடுவில் தொடர்பு போனால் என்ன செய்வது என்று யோசித்து, 1022 போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்ஹெச் சர்வரை ஓடவிடுகிறது. அருமையான முன்யோசனை. ஆனால் அது ரீபூட் வரைக்கும்தான். அதே உபுண்டுவின் நெட்பிளானில் 'ட்ரை' என்று ஒரு கட்டளை இருக்கிறது: நெட்வொர்க் கான்ஃபிக்கை மாற்றிப் பார்த்து, 120 விநாடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். ஜூனிபர் ரவுட்டர்களில் இதே யோசனை 'கமிட் கன்ஃபர்ம்டு' என்ற பெயரில் ரொம்பக் காலமாக இருக்கிறது. உறுதி செய்யாவிட்டால் 10 நிமிடத்தில் பழைய நிலைக்குப் போய்விடும். தூரத்தில் இருக்கும் பெட்டியோடு பழகியவர்கள் கண்டுபிடித்த விவேகம் இது. ஒரு சின்ன கான்ஃபிக் மாற்றத்துக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு, மொத்த சிஸ்டத்தையும் மாற்றும் அப்கிரேடுக்கு இல்லை என்பது விசித்திரம்.

யார் தலையில் விடிகிறது

பெரிய நிறுவனங்களுக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. அவர்கள் சர்வரை அப்கிரேட் செய்வதே குறைவு. புதியதை எழுப்பிவிட்டுப் பழையதைத் தூக்கிப்போடுகிறார்கள். கன்சோலும் எப்போதும் கையில் இருக்கும். அடிபடுவது சின்ன ஆட்கள். என் நண்பர் ஒருவர் ஒரு சிறிய அமைப்புக்கு மெயில் சர்வர் பார்த்துக்கொள்கிறார். வெளிநாட்டு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த பழைய மெஷின். டெபியன் 9-லிருந்து 10-க்குப் போனபோது பெயர் மாறி மாட்டிக்கொண்டார். வாடகைக்கு விட்ட நிறுவனம் கன்சோலை இணைத்துக் கொடுக்க அரைநாளுக்கு மேல் ஆனது. கன்சோல் கிடைத்த பிறகு செய்த வேலை? ஒரு ஃபைலில் இரண்டு இடத்தில் ஒரு சொல்லை மாற்றியது. ஐந்து நிமிட வேலைக்கு அரைநாள் காத்திருப்பு. அதுவரை ஐம்பது பேருக்கு மெயில் இல்லை.

இந்த மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் முதலில் பார்க்க வேண்டியது: கார்டு தெரிகிறதா, என்ன பெயரில் தெரிகிறது, கான்ஃபிக்கில் என்ன பெயர் இருக்கிறது. கன்சோல் இருந்தால் மூன்றும் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ரெஸ்க்யூ மோடில் போனால் ஒரு கண்ணி இருக்கிறது. அங்கே நீங்கள் பார்ப்பது ரெஸ்க்யூ சிஸ்டம் வைத்த பெயர், உங்கள் சிஸ்டம் வைத்த பெயர் இல்லை. அங்கே ஈத்0 என்று காட்டுகிறதே என்று நம்பி விட்டுவிடக் கூடாது. உங்கள் டிஸ்க்கை மவுன்ட் செய்து, கடைசி பூட்டின் கெர்னல் லாகில் 'ரீநேம்டு ஃப்ரம்' என்ற சொற்களைத் தேடுங்கள். எது எதுவாக மாறியது என்று அதில் எழுதியிருக்கும். கார்டே தெரியவில்லை என்றால் அது பெயர்ப் பிரச்சினை இல்லை. ஃபர்ம்வேர் பக்கம் போங்கள்.

இன்னும் மாட்டாதவர்களுக்கு: கான்ஃபிக்கைப் பெயரை நம்பி எழுதாதீர்கள். நெட்பிளானிலும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டியிலும் மேக் முகவரியை வைத்தே கார்டை அடையாளம் காட்டலாம். அல்லது ஒரு லிங்க் ஃபைல் எழுதி, இந்த மேக் முகவரிக்கு 'வெளி' என்ற பொருளில் நீங்களே ஒரு பெயரைச் சூட்டிவிடலாம். நீங்கள் வைத்த பெயரை எந்தப் பதிப்பும் தானாக மாற்றாது. ஒரே கார்டு உள்ள சர்வரில், 'எந்த ஈதர்நெட் கார்டு இருந்தாலும் சரி' என்று எழுதினாலே போதும்.

இவ்வளவும் நாம் செய்துகொள்ளலாம். ஆனால் பாரம் நம் தோளுக்கு எப்படி வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு கார்டு உள்ள மெஷின்களின் பிரச்சினையைத் தீர்க்க, ஒரு கார்டு உள்ள மெஷின்களுக்குப் புதிதாக ஒரு பிரச்சினை கொடுத்தார்கள். அதைக்கூட ஏற்றுக்கொள்ளலாம், முன்னேற்றத்தில் இப்படி நடக்கும். மெஷினுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை மனிதர்கள் ஒரு ஆவணத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 'ரீபூட் ஆனதும் உன் பெயர் என்ன?' என்று அப்கிரேட் முடியும் இடத்தில் கருவியே ஒரு முறை கேட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டால் போதும். அந்த நாள் வரும்வரை, ரீபூட் தட்டுவதற்கு முன்னால் அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.