அந்தச் சிறுமிகள் என்ன நினைத்தார்கள்? ஹன்னா அரெண்டின் லிட்டில் ராக் கட்டுரையை மறுவாசிப்புச் செய்தல்

அரசியல் கோட்பாடு படிக்கும் மாணவிகள் ஹன்னா அரெண்டைத் தவிர்க்க முடியாது. சர்வாதிகாரம் பற்றியும் பொதுவெளி பற்றியும் அவர் எழுதியவை இன்றும் நமக்குப் பயன்படுகின்றன. அவரே 1959இல் ‘டிசென்ட்’ இதழில் எழுதிய லிட்டில் ராக் பற்றிய கட்டுரை மட்டும் அவருடைய வாசகர்களுக்குப் பெரும் சங்கடமாக இருந்துவருகிறது. அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் அரசு அதிகாரத்தைக் கொண்டு சேர்த்துவைப்பது தவறு என்கிறது அந்தக் கட்டுரை. இதைச் சொன்னவர் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூதப் பெண். ஆகவே இதை இனவெறி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. வாதம் எங்கே பிசகுகிறது என்று பார்க்க வேண்டும்.

பின்னணி இதுதான். பள்ளிகளில் நிறப் பாகுபாடு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957 செப்டம்பர் 4 அன்று, ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சேர வேண்டியிருந்தது. அவர்களில் ஆறு பேர் பெண்கள். ஆளுநர் ஃபாபஸ் படைவீரர்களை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். குடியரசுத் தலைவர் ஐசனோவர் கூட்டாட்சி ராணுவத்தை அனுப்பிய பிறகு, செப்டம்பர் 25 அன்று, ஒன்பது பேரும் ராணுவப் பாதுகாப்போடு உள்ளே போனார்கள்.

அரெண்ட் தன் வாதத்தில் ஒரு செய்திப் படத்தைப் பிடித்துக்கொள்கிறார். அப்பாவின் வெள்ளைக்கார நண்பரோடு ஒரு கறுப்பினச் சிறுமி பள்ளியிலிருந்து நடந்துவருகிறாள். கூட்டம் கேலி செய்தபடி பின்தொடர்கிறது. பெரியவர்கள் சுமக்க வேண்டியதை இந்தக் குழந்தையின் தலையில் ஏற்றிவிட்டார்களே என்பது அரெண்டின் கோபம். ஆனால் அவர் விவரிக்கும் படம் லிட்டில் ராக்கில் எடுத்தது அல்ல. அதே நாளில் வட கரோலினாவின் சார்லட் நகரில் பள்ளிக்குச் சென்ற டோரத்தி கவுன்ட்ஸின் படம் அது. லிட்டில் ராக்கில் கூட்டத்துக்கு நடுவே நடந்த எலிசபெத் எக்ஃபோர்டுடன் யாருமே இல்லை. மாணவர்கள் சேர்ந்து போக வேண்டும் என்று டெய்சி பேட்ஸ் முந்தைய இரவு ஏற்பாடு செய்திருந்தார். எலிசபெத்தின் வீட்டில் தொலைபேசி இல்லாததால் அந்தச் செய்தி அவளுக்குப் போய்ச் சேரவில்லை. தானே தைத்த உடையைப் போட்டுக்கொண்டு பதினைந்து வயதுப் பெண் தனியாகப் போனாள்.

இரண்டு ஊர்கள், இரண்டு பெண்கள். கட்டுரையில் இருவரும் பெயரில்லாத ஒரே சிறுமி ஆகிவிடுகிறார்கள். இதை வெறும் தகவல் பிழை என்று விட்டுவிட முடியாது. அந்தச் சிறுமி யார், எப்படி அங்கே வந்தாள் என்று கேட்காமலேயே அவளைப் பற்றிய கோட்பாட்டை எழுதிவிட முடிந்திருக்கிறது.

அந்தக் கோட்பாடு வாழ்க்கையை மூன்றாகப் பிரிக்கிறது. அரசியல் வெளியில் சமத்துவம் கட்டாயம். சமூக வெளியில் யார் யாரோடு பழகுவது என்பது அவரவர் விருப்பம், அங்கே பாகுபாட்டுக்கும் இடம் உண்டு. மூன்றாவது தனிவாழ்க்கை. பள்ளியில் பிள்ளைகள் யாரோடு பழகுகிறார்கள் என்பதை அரெண்ட் சமூக வெளியில் வைத்து, அதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும் என்கிறார். பிரித்துவைக்கும் சட்டங்களை நீக்குவதில் அவருக்கு மறுப்பில்லை. சேர்த்துவைக்க அரசு வற்புறுத்துவதைத்தான் எதிர்க்கிறார். கலப்பு மணத்தைத் தடுக்கும் சட்டங்களே முதலில் ஒழிய வேண்டும் என்றும் எழுதினார். அந்தச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் 1967இல்தான் செல்லாது என்றது. அந்த இடத்தில் அவருடைய பார்வை கூர்மையானது.

ஆனால் பெண்ணியம் படித்தவர்களுக்கு இந்தப் பிரிவினை புதிதல்ல. ‘இது குடும்ப விஷயம், அரசு தலையிடக் கூடாது’ என்று சொல்லித்தான் வீட்டுக்குள் நடக்கும் அடியும் உதையும் நெடுங்காலம் மறைக்கப்பட்டன. எது அரசியல், எது அரசியல் அல்ல என்று கோடு கிழிப்பதே ஓர் அதிகாரம். வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில், சட்டம் போட்டு, காவலர்களை வைத்துப் பல தலைமுறைகளாகப் பிரித்துவைத்ததை வெள்ளைப் பெற்றோரின் பழக்க விருப்பமாகச் சுருக்குவது அந்தக் கோட்டின் வேலைதான்.

பள்ளிக்குள் நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒன்பது பேரில் ஒருவரான மெல்பா பட்டிலோ பீல்ஸ் 1994இல் வெளியிட்ட ‘வாரியர்ஸ் டோன்ட் க்ரை’ என்ற தன்வரலாற்றில், ராணுவ வீரர்கள் நடைவழி வரை கூட வந்தார்கள் என்றும், பெண்கள் கழிப்பறைக்குள் அவர்களால் வர முடியவில்லை என்றும் எழுதுகிறார். கழிப்பறையில் அவர் இருந்த அறைக்குள் எரியும் காகிதங்களை எறிந்தார்கள். பாதுகாப்பு வாசலோடு நின்றது, வன்முறை உள்ளே போனது. ஆண் மாணவர்களுக்கு ஆண் காவலர்கள் துணை வரக்கூடிய இடங்களில் பெண்களுக்கு யாரும் இல்லை. நிறமும் பாலினமும் சேர்ந்து தாக்கிய இந்த இடத்தை அரெண்டின் மூன்று வெளிகளில் எதில் வைப்பது?

தன்னை விமர்சித்தவர்களுக்கு எழுதிய பதிலில், தான் ஒரு கறுப்பினத் தாயாக இருந்தால் என்ன செய்வேன் என்று அரெண்ட் கேட்டுக்கொள்கிறார். வரவேற்பில்லாத இடத்துக்குத் தன் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்பது அவர் பதிலின் சாரம். இந்தப் பதிலுக்குப் பின்னால் அவருடைய சொந்தத் தாய் இருக்கிறார். ஆசிரியர் யூதர்களை இழித்துப் பேசினால் உடனே எழுந்து வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று தாய் சொல்லியிருந்ததை 1964இல் ஒரு நேர்காணலில் அரெண்ட் நினைவுகூர்கிறார். தாய் பள்ளிக்குக் கண்டனக் கடிதம் அனுப்புவார். அருமையான தாய்தான். ஆனால் அந்தக் கடிதத்தைப் பள்ளி வாங்கிப் படித்தது. மகள் எழுந்து வெளியேற, அந்த வகுப்பறையில் அவளுக்கு முதலில் ஓர் இருக்கை இருந்தது. எலிசபெத்துக்கு அந்த இருக்கையே மறுக்கப்பட்டது.

எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் இதற்குப் பதில் சொன்னார். பகைமையை எதிர்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்குவது கறுப்பினப் பெற்றோருக்கு வாழ்வின் கட்டாயம், அந்தத் தியாகத்தின் பொருள் அரெண்டுக்குப் புரியவில்லை என்றார். 1965இல் எலிசனுக்கு எழுதிய தனிக் கடிதத்தில் அரெண்ட் அதை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் எலிசனும் பெற்றோரைப் பற்றித்தான் பேசுகிறார்.

பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்? சென்ட்ரல் பள்ளிக்குப் போக யாருக்கு விருப்பம் என்று கேட்டபோது தானே கை உயர்த்தியதாகவும், வீட்டில் அதைச் சொல்லவில்லை என்றும் மெல்பா எழுதுகிறார். கார்லோட்டா வால்ஸ் பெற்றோருக்குத் தெரியாமலேயே பெயர் கொடுத்தார். பெரியவர்கள் குழந்தைகளைத் தள்ளிவிட்டார்கள் என்ற அரெண்டின் அடிப்படையே இங்கே தகர்கிறது. நல்ல ஆய்வகமும் நல்ல நூல்களும் உள்ள பள்ளி தங்களுக்கும் வேண்டும் என்று இந்தப் பெண்கள் தாங்களே முடிவெடுத்தார்கள். விலையையும் அவர்களே கொடுத்தார்கள். மின்னிஜீன் பிரவுன் தொடர்ந்த சீண்டலுக்கு எதிர்வினை ஆற்றியதால் 1958 பிப்ரவரியில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். கார்லோட்டாவின் வீட்டில் 1960இல் குண்டு வெடித்தது.

குழந்தைகள் மேல் பாரம் ஏற்றப்பட்டது என்ற அரெண்டின் கவலை உண்மையானது. அந்தப் பாரத்தை ஏற்றியவர்கள் பள்ளி வாசலில் நின்று கத்தியவர்களும் அவர்களுக்குத் துணைநின்ற மாநில அரசும்தான். அரெண்டின் கட்டுரையை வகுப்பில் வைக்கும்போது மெல்பாவின் நூலையும், கார்லோட்டா 2009இல் எழுதிய தன்வரலாற்றையும் சேர்த்தே வைக்க வேண்டும். அவற்றைக் கோட்பாட்டுக்கான எடுத்துக்காட்டுகளாக அல்ல, அரெண்டுக்குச் சொல்லப்பட்ட பதிலாகவே படிக்க வேண்டும்.