பங்காளிச் சண்டை

யுத்தத்தைப் பற்றி வருகிற புஸ்தகங்களில் பெரும்பாலானவை, ஜெயித்தவர்களோ தோற்றவர்களோ தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிக்கொள்வதற்காக எழுதியவை. தன்னுடைய ராணுவத்துக்கு யாரோடு சண்டை போடுகிறோம் என்பதே புரியவில்லை என்று அந்த ராணுவத்து அதிகாரி ஒருவரே எழுதினால், கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். மைக் மார்ட்டின் எழுதி 2014-ல் வெளிவந்த ‘ஆன் இன்டிமேட் வார்’ அப்படிப்பட்ட புஸ்தகம். ஆசிரியர் பிரிட்டிஷ் ராணுவத்தில் காப்டன். புஷ்டு பாஷை பேசத் தெரிந்தவர். ராணுவத்தின் ஆதரவில் ஆரம்பித்த ஆராய்ச்சிதான் இது. எழுதி முடித்ததும், வெளியிடக்கூடாது என்று பாதுகாப்பு இலாகா குறுக்கே நின்றது. மனுஷர் உத்தியோகத்தை உதறிவிட்டுப் புஸ்தகத்தை வெளியிட்டார்.

விஷயம், ஆப்கானிஸ்தானத்தின் தெற்கே உள்ள ஹெல்மாண்ட் மாகாணம். 2006-ல் சுமார் 3,300 பிரிட்டிஷ் துருப்புகள் அங்கே போயின. டென்மார்க்கிலிருந்தும் எஸ்டோனியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிறகு அமெரிக்க மரீன்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். 2010 பிப்ரவரியில் மார்ஜா பக்கத்தைப் பிடிப்பதற்கென்று ஆப்கன் சிப்பாய்களையும் சேர்த்து ஏறக்குறைய 15,000 பேர் திரண்டார்கள். 2014 அக்டோபரில் பிரிட்டிஷார் முகாமை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். 2021 ஆகஸ்டில் தலைநகரமான லஷ்கர் கா தாலிபான் வசமாயிற்று. ஆப்கானிஸ்தானத்தில் செத்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் 457 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த ஒரு மாகாணத்தில் செத்தவர்கள். செத்த ஹெல்மாண்ட்காரர்களுக்கு இப்படி ஒரு திட்டமான கணக்குக் கிடையாது.

புஷ்டுவில் ‘தர்பூர்’ என்று ஒரு வார்த்தை உண்டு. சித்தப்பா, பெரியப்பா பிள்ளை என்று அர்த்தம். எதிரி என்றும் அர்த்தம். இங்கிலீஷில் இதற்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதவேண்டியிருக்கும். நமக்குப் பங்காளி என்று சொன்னால் போதும். மார்ட்டின் 1978 முதல் 2012 வரை கேட்டுக் கேட்டுச் சேர்த்திருக்கிற கதைகள் முக்கால்வாசியும் பங்காளிக் கதைகள்தாம். நிலம், தண்ணீர், அபினி வரும்படி, பழைய கொலைக்குப் பழி. ரஷ்யர்கள் இருந்த காலத்தில் ஒருவன் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தால் அவன் பங்காளி முஜாஹிதீனில் சேருகிறான். பின்னால் ஒருவன் போலீஸ் ஆனால் மற்றவன் தாலிபான். சட்டைதான் மாறுகிறதே தவிர ஆள் மாறுவதில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் சட்டையைப் பார்த்துச் சுட்டார்கள் என்பதுதான் ஆசிரியருடைய கட்சி.

நாவலாசிரியன் என்கிற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது கவர்னர் விவகாரம். ஷேர் முகம்மது அகுந்த்ஸாதா என்று ஒரு கவர்னர். 2005-ல் அவருடைய இடத்தில் ஒன்பது டன் அபினி அகப்பட்டது. பறிமுதல் செய்து வைத்திருந்தேன் என்றார் அவர். இப்படிப்பட்டவர் இருக்கும் மாகாணத்துக்கு வரமாட்டோம் என்று பிரிட்டிஷார் சொல்ல, அந்த வருஷக் கடைசியில் அவரை நீக்கினார்கள். நியாயமான காரியம்தான். ஆனால் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் போனதால் தன் ஆட்கள் 3,000 பேரைத் தாலிபான் பக்கம் போகவிட்டதாக அவரே பின்னால் சொன்னார். எண்ணிக்கையை நான் அப்படியே நம்பவில்லை. ஆனால் துருப்புகள் வந்து சேருவதற்கு முன்பே அவர்களுக்கு எதிரிகளைத் தயார் செய்துகொடுத்தது அவர்கள் செய்த அந்த நியாயமான காரியம்தான் என்பதை மறுப்பதற்கில்லை.

தண்ணீர்க் கதையும் இருக்கிறது. 1950-களில் அமெரிக்க இன்ஜினீயர்கள் கஜாக்கியில் அணை கட்டினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், புதுப் பாசன நிலத்தில் வெளியூர்க்காரர்களைக் குடியேற்றினார்கள். மார்ஜா அப்படி உண்டான ஊர். மடை யாருடையது என்ற தகராறு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. (2008-ல் அந்த அணைக்கு ஒரு டர்பைனைக் கொண்டுசேர்க்க ஏறக்குறைய 5,000 துருப்புகள் காவல் போயின. கொண்டுபோன டர்பைன் பல வருஷங்கள் பூட்டப்படாமலே கிடந்தது. கதையில் இப்படி எழுதினால் மிகைப்படுத்துகிறான் என்பார்கள்.)

பிரிட்டிஷார் ஏன் வந்தார்கள் என்பதற்கு அவ்வூரார் சொல்லும் காரணமும் சுவையானது. 1880-ல் மைவாந்தில் ஆப்கானியர்களிடம் தோற்றதற்குப் பழிவாங்க வந்திருக்கிறார்கள்! லண்டனில் மைவாந்தை நினைவு வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ! அந்தச் சண்டையில் பிரிட்டிஷாருக்காகச் செத்தவர்களில் ஏராளமானவர்கள் பம்பாய்ப் படைச் சிப்பாய்கள், நாமும் மறந்துவிட்டோம்.

குறைகளும் உண்டு. ஆராய்ச்சியின் வாடை போகவில்லை. பெயர்கள் மழையாகக் கொட்டுகின்றன. ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டுதான் படித்தேன். ஒரு ஆள் மனத்தில் நிற்க ஆரம்பிக்கும்போதே ஆசிரியர் அடுத்தவனிடம் போய்விடுகிறார். அதைவிடப் பெரிய குறை, எல்லாவற்றையும் பங்காளிக் காய்ச்சலாகவே பார்ப்பது. மதத்துக்காகவே செத்தவர்களும் அங்கே இருந்திருப்பார்கள். வெறும் குடும்பப் பகைகளின் மூட்டையாக மட்டும் தாலிபான் இருந்திருந்தால், 2021-ல் அத்தனை கட்டுக்கோப்போடு மாகாணத்தைப் பிடித்திருக்க முடியாது. புஸ்தகம் அதற்கு ஏழு வருஷம் முந்தியது என்பது வாஸ்தவம். ஆனாலும் அதன் வாதத்தில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

இதே மாகாணத்தைப் பற்றி யானுஸ் மெட்ஸ் என்ற டேனிஷ்காரர் 2010-ல் ‘ஆர்மடில்லோ’ என்று ஒரு படம் எடுத்தார். நல்ல படம். பயிர் பாழாகிவிட்டது என்று நஷ்டஈடு கேட்டுக் குடியானவர்கள் சிப்பாய்களிடம் வருகிறார்கள். காமிராவோ முகாமைச் சேர்ந்தது. அவர்கள் பின்னால் வீடு வரைக்கும் போக அதனால் முடியவில்லை. மார்ட்டின் போயிருக்கிறார்; ஆனால் அவருக்கும் திண்ணையோடு சரி. உள்ளேயிருந்த பெண்கள் ஒருத்தியும் இந்தப் புஸ்தகத்தில் வாய் திறந்து பேசியதாக எனக்கு நினைவில்லை.