அசையாத நீரை அசைக்காத கணக்கு

2004 டிசம்பர் 26 சுனாமியைக் கணினியில் ஓட்டிக் காட்டும் படங்கள் பல உண்டு. ஸ்டெஃபான் போபினேயின் பாசிலிஸ்க் மென்பொருளில் உள்ளதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதில் அலையைவிட அழகு, அதைத் தாங்கும் கட்டங்கள்.

திருவாதவூர்க் கண்மாய்க்குக் கீழே நடந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தரை ஏறி இறங்கும் இடத்தில் வயல் சிறுத்திருக்கும், சமதரையில் அகன்றிருக்கும். பாசிலிஸ்கில் வரப்புகளே நகர்கின்றன. பக்கத்துக்கு 54 பாகை கொண்ட சதுரக் கடல். அமைதியான இடத்தில் ஒரு கட்டம் ஏறத்தாழ 190 கி.மீ. அகலம், அலை முகப்பில் 6 கி.மீ. சுமத்ராவிலிருந்து அலை நம் கரைக்கு வரும் சுமார் இரண்டரை மணி நேரமும் பொடிக் கட்டங்கள் அதன் கூடவே வருகின்றன. பின்னால் கடல் அடங்க அடங்க, நாலு கட்டங்கள் ஒன்றாகின்றன.

எங்கே பிரிப்பது என்று எப்படித் தெரிகிறது? சிறு கட்டங்களின் மதிப்பைச் சராசரியாக்கிப் பெரிய கட்டத்தில் வைத்து, அதிலிருந்தே சிறியவற்றை மறுபடி ஊகித்துப் பார்க்கிறது. நீர்மட்டத்தில் ஊகம் 1 செ.மீ.க்கு மேல் பிசகினால், பிரி. ஜேசன்-1 செயற்கைக்கோள் ஆழ்கடலில் அளந்த அந்த அலையே 60 செ.மீ. அளவுதான், இந்தக் கறார் வேண்டியதுதான்.

என்னை மயக்குவது இன்னொன்று. ஒரு கட்டம் நாலாகும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடலடி ஆழம் கிடைக்கிறது. நீரைச் சமமாகப் பங்கிட்டால் மேடான கட்டத்தில் மட்டம் உயரும், பள்ளத்தில் தாழும். சும்மா கிடந்த கடல் பொய்யலை அடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே போபினே மட்டத்தைப் பிடித்துக்கொள்கிறார். நீரின் கன அளவு கொஞ்சம் கூடிக் குறைவதைப் பொறுத்துக்கொள்கிறார். நிறையைக் காப்பதே முதல் விதி என்று படித்தவருக்கு இது உறுத்தும். எனக்கு இது கைதேர்ந்தவரின் முடிவு. நிலையான நீரைக் கலைக்கும் கணக்கு, சென்னையிலும் தூத்துக்குடியிலும் கொழும்பிலும் அலைமானிகள் பதிந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கவே லாயக்கற்றது.

நிரல் எல்லோருக்கும் இலவசம். கடலைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும் உச்சத் தடவை 10 என்றிருப்பதை 12 ஆக்கினால் மிகச் சிறிய கட்டம் ஒன்றரை கி.மீ. ஆகும். ஆனால் அதிலுள்ள கடலடித் தரவில் இரு புள்ளிகளுக்கு இடையே கிட்டத்தட்ட 3.7 கி.மீ.; நாகைக் கரையை நுணுக்கமாகப் பார்க்க அதைவிட நெருக்கமாக அளந்த தரவு வேண்டும்.