வாளியில் எங்கே துளை போடுவது?

வெள்ளை பிளாஸ்டிக் வாளி, இறுக்கமான மூடி, மூடியில் ரப்பர் வளையம் பதித்த ஒரு துளை, அதில் செருகிய ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு). அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களில் பலருக்கும் தொடக்கம் இதுதான். முளைகட்டிய தானியமான மால்ட்டையும் கசப்பூட்டும் பூவான ஹாப்ஸையும் கொதிக்க வைத்து ஆற்றிய இனிப்புச் சாற்றை ‘வோர்ட்’ என்பார்கள். 24 லிட்டர் கொள்ளும் வாளியில் 19 லிட்டர் வோர்ட்டை ஊற்றி, ஈஸ்ட் தூவி மூடிவைத்தால் இரண்டு வாரத்தில் அது பீர். வாளி அதற்குமேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் மூன்றாவது, நான்காவது முறை காய்ச்சுவதற்குள் பலரும் டிரில்லை எடுத்துவிடுகிறார்கள். மினசோட்டாவில் எட்டு வருடமாகக் காய்ச்சிவரும் நானும் எடுத்தேன். அடியில் குழாய், பக்கவாட்டில் வெப்பமானி, மூடியில் வாயு இணைப்பு என்று வாளியைத் துளைப்பது இந்தப் பொழுதுபோக்கின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. அந்தத் துளைகளில் எது பீருக்கு நல்லது செய்கிறது, எது காய்ச்சுகிறவரின் வசதிக்கு மட்டும் என்பதைப் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும். வசதிக்காகப் போட்ட துளைக்கு விலை கொடுப்பது பீர்தான்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரி 1 முதல், வரி கட்டாமல் வீட்டில் பீர் காய்ச்ச வழிவிட்டது. வயதுவந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு வருடம் 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். மாநிலங்கள் தனித்தனியாக அனுமதிக்க வேண்டியிருந்ததால், கடைசியில் நின்ற அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் இறங்கிவந்தன. (தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்த மதுவும் தயாரிக்க முடியாது. இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கக் கதை.) வீட்டு அளவுக்கான பாத்திரங்கள் அரிதாக இருந்த காலத்தில் ஆட்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். பேக்கரிக்கு ஐசிங் வந்த வாளி, உணவகத்துக்கு ஊறுகாய் வந்த வாளி எல்லாமே நொதிக்கலம் ஆயின. வேறு வேலைக்குச் செய்த பாத்திரம் என்பதால் அதை மாற்றாமல் தீரவில்லை. இன்று பீருக்கென்றே வாளி விற்கிறார்கள், கை மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை.

பொருளின் குணத்தைத் தெரிந்துகொள்ளாமல் துளைபோடக் கூடாது. வாளி பெரும்பாலும் எச்டிபிஇ, அதாவது அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று பொறித்த பிளாஸ்டிக். அந்த 2 மறுசுழற்சிக்கான எண்தானே தவிர, உணவுக்கு உகந்தது என்ற சான்று அல்ல. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். எச்டிபிஇ லேசானது, கீழே விழுந்தாலும் உடையாது. 19 லிட்டர் நிறைந்த கண்ணாடி ஜாடி ஈரக் கையிலிருந்து நழுவினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாலே இதன் அருமை புரியும். குறைகளும் உண்டு. வாசனையை உள்வாங்கும். ஊறுகாய் வாளியை எத்தனை முறை கழுவினாலும் அந்த நெடி போவதில்லை. நார் வைத்துத் தேய்த்தால் கீறல் விழும், கீறலுக்குள் கிருமி குடியேறும். இன்னொன்று, எச்டிபிஇயில் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. தவறான இடத்தில் துளை விழுந்தால் அது விழுந்ததுதான்.

முதலில் எல்லோரும் ஆசைப்படுவது அடிக்குழாய். வாளியின் அடியிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் அங்குலத் துளை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து பிளாஸ்டிக் குழாயைத் திருகினால் முடிந்தது. படிப்படியாகப் பருக்கும் டிரில் முனையை மெதுவாக ஓட்டினால் பிளாஸ்டிக் வெள்ளைச் சுருளாக உரிந்து வரும். விளிம்பில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சீவி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாஷர் சரியாக உட்காராது. வேலை பத்து நிமிடம்தான். அதன் பலனும் உண்மையானது. திரவத்தை உறிஞ்சி இறக்கும் சைஃபன் குழாயோடு போராட வேண்டாம். மூடியைத் திறக்காமலே இரண்டு வாய் எடுத்து அடர்த்தி பார்க்கலாம். பாட்டிலில் நிரப்பும் நாளில் ஒரே ஆள் போதும்.

என் மூன்றாம் வருடத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை பீர் புளித்தது. முதலில் ஈஸ்டைச் சந்தேகித்தேன், பிறகு தண்ணீரை. கடைசியில் குழாயைக் கழற்றி வெந்நீரில் போட்டு, இளகியதும் உள்உருளையைக் கட்டைவிரலால் தள்ளி வெளியே எடுத்தேன். வெளியே பளிச்சென்று இருந்த குழாயின் உள்ளே, உருளைக்கும் கூட்டுக்கும் நடுவில், தேன் நிறத்தில் ஒரு வழவழப்பு. விரலால் வழித்தால் நூல்போல் இழுத்துக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தால் பழைய மோர் நெடி. மரைக்குள்ளும் வாஷரின் மடிப்பிலும் அதே படலம். ஒவ்வொரு முறையும் கிருமிநாசினி நீரைக் குழாய் வழியே ஓடவிட்டிருந்தேன். நீர் ஓடிய பாதை சுத்தம், ஓடாத இடுக்கில் கிருமிகள் வாழ்ந்துகொண்டிருந்தன. நுரைக்கும் அமிலக் கிருமிநாசினிகள் படும் இடத்தில் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் படலத்தை ஊடுருவி அழிக்கும் வேலை அவற்றுடையது அல்ல. அதற்குக் காரமான சலவைக் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தாக வேண்டும்.

இது அந்தக் குழாயின் குறை மட்டும் அல்ல. திரவ மட்டத்துக்குக் கீழே போடும் எந்தத் துளையும் இரண்டு வாரம் பீரில் ஊறும் ஓர் இடுக்கை உண்டாக்குகிறது. வாளியின் சுவர் வளைவானது, வாஷரோ தட்டை. அழுத்தி முடுக்கினால் சுவர் நெளியும், தளர விட்டால் ஒழுகும். கசிவு ஒரு ராத்திரியில் பீரின் பெரும்பகுதியைத் தரையில் கொட்டிவிடும். பிளாஸ்டிக் குழாயை எடுத்துவிட்டு எவர்சில்வர் உருண்டை வால்வு (ball valve) போடுகிறவர்கள் இன்னும் பெரிய தவறு செய்கிறார்கள் என்பது என் கருத்து. கனமான வால்வு மெல்லிய சுவரில் தொங்கும். அதன் உருண்டைக்குப் பின்னாலும் அதே இடுக்கு உண்டு, கழற்றுவது மட்டும் இரண்டு மடங்கு கஷ்டம். பார்வைக்குத் தொழிற்சாலைப் பாத்திரம்போல் இருப்பதால் அதைச் சுத்தம் என்று நம்பிவிடுகிறோம்.

மூடியில் போடும் துளையின் நியாயம் வேறு. அது திரவத்தைத் தொடுவதில்லை. தவறினால் புது மூடி வாங்கிக்கொள்ளலாம். அங்கேதான் பீருக்கு உண்மையிலேயே பயன்படும் மாற்றத்தைச் செய்ய முடிகிறது. நொதித்து முடிந்த பீருக்கு முதல் எதிரி ஆக்சிஜன். ஹாப்ஸ் நிறைய சேர்த்த, மங்கலான நியூ இங்கிலாந்து ஐபிஏ வகை பீரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆரஞ்சுச் சாற்றின் நிறத்தில் இருந்தது சில நாளில் மங்கிப் பழுப்பேறி, பழவாசனையும் போய்விடும். 19 லிட்டர் பீர் நொதிக்கும்போது ஏறக்குறைய 350 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஏர்லாக் வழியே அது வீணாகப் போகாமல், ஒரு குழாய் போட்டு கெக் என்னும் 19 லிட்டர் எவர்சில்வர் பீப்பாய்க்குள் செலுத்தினால், கெக்கின் கொள்ளளவைப்போல் பதினெட்டு மடங்கு வாயு அதற்குள் புகுந்து வெளியேறும். காசு கொடுத்து வாங்கும் வாயு இல்லாமலே கெக் காற்றொழிந்து தயாராகிவிடும். இதற்குத் தேவை ஒரு ரப்பர் வளையமும் ஒரு முழக் குழாயும்தான். சிலிகான் குழாயை மட்டும் தவிர்க்க வேண்டும். அது மென்மையாக வளைந்து கொடுத்தாலும் ஆக்சிஜனைத் தாராளமாக உள்ளே விடும்.

வாளிச் சுவர் வழியாகவே ஆக்சிஜன் ஊடுருவும் என்று சொல்லி எச்டிபிஇயை ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஊடுருவும் என்பது உண்மை, பெட் (PET) பிளாஸ்டிக்கைவிட அதிகமாகவே. மாதக்கணக்கில் முதிரவைக்கும் பீருக்கு அது பொருந்தும். இரண்டு வாரத்தில் எடுத்துவிடும் பீருக்குச் சுவரைவிட மூடியின் ஓரமும் துளைகளும்தான் கவலை. சுவரைக் குறைசொல்லிக்கொண்டே சுவரில் மூன்று துளை போடுவது பொருந்தாது.

கவனமே இல்லாமல் செய்யப்படும் மாற்றம் ஒன்று உண்டு, அது அழுத்தம். மூடியில் வாயு இணைப்பைப் பொருத்தி, சிலிண்டரிலிருந்து அழுத்தம் கொடுத்துப் பீரைத் தள்ளலாம் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூடியின் விட்டம் 30 சென்டிமீட்டர். சைக்கிள் டியூபில் அடிப்பதோடு ஒப்பிட்டால் 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு) ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த அகலத்தில் அது ஏறக்குறைய 100 கிலோ எடையின் விசை, ஓர் ஆள் மூடியை உள்ளிருந்து முட்டுவதுபோல. வாளி மூடி அதற்குச் செய்ததல்ல. அழுத்தம் தாங்கவென்றே செய்த பெட் கலங்கள் கடையில் இருக்கின்றன. அவற்றின் மேல் அழுத்த வரம்பும், எந்தத் தேதிக்குள் மறுசோதனை செய்ய வேண்டும் என்பதும் அச்சிட்டிருக்கும். அவற்றைத் துளைப்பதும், கொதிநீர் ஊற்றிக் கழுவுவதும், கீறலோடு பயன்படுத்துவதும் உயிருக்கே ஆபத்து. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

வெப்பமானிக்காகப் பக்கவாட்டில் போடும் துளையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. உணரியை வாளியின் வெளிப்பக்கம் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்துக் கட்டினால் போதும். என் வாளியில் இரண்டு வழியிலும் அளந்து பார்த்தேன், அரை டிகிரிக்குமேல் வித்தியாசம் இல்லை. ஆனால் அளப்பதும் கட்டுப்படுத்துவதும் வேறு வேறு. முதல் மூன்று நாளில் ஈஸ்டின் சூட்டால் வாளிக்குள் வெப்பம் அறையைவிட மூன்று, நான்கு டிகிரி ஏறிவிடும். 19 டிகிரியில் நிற்க வேண்டிய ஏல் வகை பீர் 24-க்குப் போனால், அந்தக் காரமான ஆல்கஹால் நெடியை எந்தக் குழாயும் எடுத்துவிடாது. வாளியைத் தண்ணீர் நிறைந்த அகலத் தொட்டியில் வைத்து, காலையிலும் மாலையிலும் உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைப் போட்டதுதான் என் பீரை மற்ற எல்லா மாற்றங்களையும்விட அதிகம் மாற்றியது. அதற்கு வாளியில் ஒரு துளைகூடத் தேவைப்படவில்லை.

இப்போது என் வாளியின் சுவரில் துளை இல்லை, மூடியில் இரண்டு. ஒன்றின் வழியே பீர் போகும் குழாய் வண்டலுக்குச் சற்று மேலே வரை இறங்குகிறது. மற்றது கெக்கிலிருந்து வாயு திரும்பி வரும் வழி. குழாயில் முன்கூட்டியே கிருமிநாசினி நீரை நிரப்பி வைப்பதால் சைஃபன் தானாகவே பிடித்துக்கொள்கிறது, அழுத்தம் தேவையில்லை. முதல் ஒரு கோப்பையை வெளியே விட்டுவிட்டு, தரையில் இருக்கும் கெக்கில் குழாயை மாட்டுகிறேன். பீர் இறங்க இறங்க, கெக்கில் இருந்த வாயு மேலேறி அதே அளவில் வாளிக்குள் நிரம்புகிறது. இருபது நிமிடம் ஆகிறது. போன வாரம் இப்படி இறக்கிய ஐபிஏவை நேற்று ஊற்றிப் பார்த்தேன், நிறம் இன்னும் ஆரஞ்சுதான்.