சொல்ல இயலாதவன் சொன்ன கதை

அமெரிக்க எழுத்தாளர் டெரி ட்ரூமன் இளைஞர்க்கென எழுதி 2000இல் வெளிவந்த 'ஸ்டக் இன் நியூட்ரல்' என்னும் நாவலைப் படித்து முடித்து நெடுநேரம் வாளாவிருந்தோம்.

பதினான்கு வயது ஷான் மூளை முடக்குவாதத்தால் ஒரு தசையையும் தன் விருப்பப்படி அசைக்க இயலாதவன். அவனே கதை சொல்கிறான். மகன் வேதனையில் உழல்கிறான் என்றெண்ணும் தந்தை, அன்பின் பெயராலேயே தன்னைக் கொன்றுவிடுவாரோ என்று அஞ்சுகிறான். அவனோ வாழ்வைச் சுவைத்துக் கொண்டிருக்கிறான்; அதை அவரிடம் சொல்லத்தான் வழியில்லை.

ஒன்று நம்மை உறுத்துகிறது. கேட்டதெதையும் மறவாத நினைவாற்றலை ஆசிரியர் அவனுக்கு அளித்திருக்கிறார். அவ்வாற்றல் வாய்க்காத பிள்ளையின் உயிர் மதிப்பில் குறைந்ததோ? இத்தகைய மகனைப் பெற்ற ஆசிரியரின் நூலில் இதற்கு நாம் விடை காணோம்.

தந்தை செய்தது யாதெனக் கூறாமலே நூலை நிறுத்தியது சரியே. ஷானுக்கும் அது தெரியாதன்றோ!