முரடன் காட்டிய வழி

1977 குளிர்காலம், பின்லாந்து. பனி மூடிய சாலையில் ஒரு சோதனை ஓட்டம். வெறும் 75 குதிரைத்திறன் கொண்ட ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ் என்ற ராணுவ ஜீப், தன்னைவிட வலிமையான ஆடி கார்களைத் திணறடித்தது. பொறியாளர் யோர்க் பென்சிங்கருக்குப் பொறி தட்டியது: பிடிப்பு இருந்தால்தான் வேகம்.

அந்த எண்ணத்தின் விளைவாக 1980இல் ஜெனீவாவில் அறிமுகமானது ஆடி குவாட்ரோ கார்: டர்போ பூட்டிய ஐந்து சிலிண்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன். இல்டிஸில் நான்கு சக்கர இயக்கத்தை ஓட்டுநர்தான் இணைக்க வேண்டும். குவாட்ரோவில் நான்கும் எப்போதும் உழைக்கும். கியர்பெட்டிக்குள் குழல்போன்ற ஒரு தண்டு; அதனுள்ளே இன்னொரு தண்டு. விசை முன்னும் பின்னும் பிரிகிறது. என்ன அழகான சிக்கனம்!

குவாட்ரோவின் வேகம் என்னை மயக்குகிறது. ஆனால் என் வணக்கம், சேற்றுக்கும் பனிக்கும் பிறந்த அந்த முரட்டு ஜீப்புக்கே.